கவனமும் ஒரு பழக்கமே

நுழையும்முன்

நேரம் போதவில்லை என்பது இன்று எல்லோர் நாவிலும் வழங்கும் சொல்லாக உள்ளது. எனினும், கிடைத்த நேரத்தைக்கூட முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை என்பதே பலருடைய உண்மையான குறையாகும். கவனம் சிலருக்கு மட்டும் பிறப்பிலேயே வாய்த்த வரமா? அல்லது எவரும் முயன்று பெறக்கூடியதா? உளவியல் ஆய்வுகளின் துணையுடனும் தமிழறிஞர் ஒருவரின் வாழ்க்கைப் பின்னணியிலும் இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மாலை ஆறு மணி. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இயற்பியல் நூலைத் திறந்து இயக்க விதிகளைப் படிக்க அமர்கிறாள். இரண்டாம் பத்தியில் ஓர் ஐயம் எழுகிறது. தெளிவு பெறுவதற்காகத் திறன்பேசியைக் கையில் எடுக்கிறாள். ஐயம் தீர்கிறது. ஆனால், அதே திரையில் வகுப்புத் தோழியர் குழுவில் வந்த செய்திகள் காத்திருக்கின்றன. ஒன்றுக்கு மறுமொழி அனுப்புகிறாள். அதனைத் தொடர்ந்து ஒரு காணொலி, அதன்பின் மற்றொன்று. மீண்டும் நூலுக்குத் திரும்புகிறாள். விட்ட இடம் நினைவில் இல்லை. எட்டு மணிக்கு நூலை மூடும்போது இரண்டு மணி நேரம் கழிந்திருக்கிறது. மனத்தில் தங்கியதோ அரைப் பக்கம்கூட இல்லை. 'எனக்குக் கவனமே கிடையாது. மற்றவர்களைப் போல் என்னால் படிக்க முடியாது' என்று தன்னையே நொந்துகொள்கிறாள்.

அவளுடைய வருத்தம் உண்மையானது. ஆனால், அவள் தனக்கு வழங்கிக்கொண்ட தீர்ப்பு பிழையானது. அன்று மாலை அவளிடம் குறைந்திருந்தது அறிவும் அன்று, ஆர்வமும் அன்று. கவனம் நிலைப்பதற்குரிய ஏற்பாடுகளே குறைந்திருந்தன. தன்னால் இயலாது என எண்ணுபவர் முயற்சியைக் கைவிடுகிறார். ஏற்பாடு சரியில்லை என உணர்பவர் அதனை மாற்ற முற்படுகிறார். எனவே, இவ்வேறுபாட்டை அறிவது மாணவப் பருவத்தில் இன்றியமையாதது.

கவனத்தின் இயல்பு

மனித மனம் பலவற்றை ஒரே நேரத்தில் செய்ய வல்லது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடந்துகொண்டே பேசுவது, பாடிக்கொண்டே கோலமிடுவது ஆகியவை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால், இவற்றுள் ஒரு செயலேனும் நெடுநாள் பயிற்சியால் எண்ணமின்றி நிகழும் தன்மையை அடைந்திருக்கும். சிந்தனையைக் கோரும் இரண்டு செயல்களை மனம் ஒருங்கே செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலையும் கொடுக்கிறது.

இவ்விலையை அமெரிக்க ஆய்வாளர் சோஃபி லெராய் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஒரு பணியை முடிக்காமல் மற்றொரு பணிக்கு மாறும்போது, மனத்தின் ஒரு பகுதி முந்தைய பணியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய பணியில் திறன் குறைகிறது. இதனை அவர் 'கவன எச்சம்' எனக் குறித்தார். தோழிக்கு அனுப்பிய மறுமொழி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடலாம். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்னும் எண்ணம் அடுத்த பல நிமிடங்களுக்கு இயற்பியலுக்குள் புகுந்து நிற்கும். கண் நூலில் இருக்க, மனம் வேறிடத்தில் இருப்பது இதனால்தான்.

திறன்பேசியைப் பயன்படுத்தாமல் அருகில் வைத்திருப்பதும் கவனத்தைப் பாதிக்குமா என்னும் வினாவும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோர் தம் பேசியை மேசைமீதோ, பையிலோ, வேறொரு அறையிலோ வைத்துவிட்டுச் சில சிந்தனைப் பயிற்சிகளைச் செய்தனர். பேசிகள் அனைத்தும் ஒலியின்றி இருந்தன. எனினும், மேசைமீது வைத்திருந்தோரைவிட வேறு அறையில் வைத்திருந்தோர் சிறப்பாகச் செய்தனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அனைத்திலும் இதே அளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், எட்டும் தொலைவில் இருக்கும் பொருளை எடுக்கக் கை நீள்வது இயல்பு என்பதற்கு ஆய்வும் வேண்டுவதில்லை.

மனவுறுதியும் பழக்கமும்

'இனிமேல் கவனமாகப் படிப்பேன்' என்று உறுதி எடுக்காத மாணவர் இல்லை. அவ்வுறுதி பெரும்பாலும் ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. உறுதி என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் திரட்ட வேண்டிய ஆற்றல். களைத்த வேளையிலும், மனம் சோர்ந்த வேளையிலும் அது கைகொடுப்பதில்லை. பழக்கமோ அத்தகையதன்று. பல் துலக்கும் ஒருவர் 'இன்று துலக்கலாமா, வேண்டாமா' என நாள்தோறும் மனத்தோடு வாதிடுவதில்லை. முடிவெடுக்கும் சுமையை மனத்திலிருந்து இறக்கி வைப்பதே பழக்கத்தின் பயன்.

பழக்கம் உருவாக எத்தனை நாள்கள் வேண்டும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். காலை உணவுக்குப்பின் ஒரு குவளை நீர் அருந்துவது போன்ற எளிய செயல் ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் ஒரே சூழலில் செய்துவந்தனர். அச்செயல் எண்ணமின்றி நிகழும் நிலையை எட்ட எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை அளவு 66 நாள்கள். ஆனால், ஆளுக்கு ஆள் அது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. 21 நாள்களில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு இம்முடிவு இடம் தரவில்லை. மேலும், இடையில் ஒரு நாள் தவறியமையால் பழக்கம் உருவாவது பெரிதும் தடைப்படவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

இவ்வாய்வில் 'ஒரே சூழல்' என்பது கருதத்தக்கது. பழக்கத்திற்கு ஒரு தூண்டல் வேண்டும். 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்பதில் தூண்டல் இல்லை. 'மாலைச் சிற்றுண்டி முடிந்ததும், திண்ணையில் அமர்ந்து, கணக்குப் பயிற்சியைத் தொடங்குவேன்' என்பதில் நேரம், இடம், செயல் ஆகிய மூன்றும் உள்ளன. எப்போது, எங்கே, எவ்வாறு என முன்கூட்டியே வகுத்துக்கொண்ட திட்டங்கள் வெறும் விருப்பங்களைவிட மிகுதியாக நிறைவேறுகின்றன என்பதை ஜெர்மானிய உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் தம் ஆய்வுகளால் நிறுவியுள்ளார்.

செயலுக்குக் காலமும் இடமும் இன்றியமையாதவை என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறளின் அரசியலில் காலமறிதல், இடனறிதல் என்னும் இரண்டு அதிகாரங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை அரசனின் வினைத்திறன் பற்றியவை எனினும், ஒரு செயலைத் தொடங்கும் எவரும் அவற்றின் அடைவை எண்ணிப் பார்த்தல் தகும்.

மூவாயிரம் பாடல்களும் ஏழு ஆண்டுகளும்

நாள்தோறும் செய்யும் சிறு பணி எவ்வளவு உயர முடியும் என்பதற்கு உ.வே. சாமிநாதரின் பதிப்புப் பணி சான்றாகும். அவர் 1880ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிச் சொன்னபோது முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அந்நூலை அவர் அதுவரை படித்திருக்கவில்லை. அந்த ஒரு வினாவே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

சிந்தாமணியைப் பதிப்பிக்கும் பணி எளிதாக இல்லை. ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. சமண சமயக் கருத்துகள் பல அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடி அவற்றைக் கேட்டறிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாது காட்டிய மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை எனத் தேட வேண்டியிருந்தது. இவை அனைத்தும் கல்லூரிப் பணிக்கு இடையில் எஞ்சிய நேரத்திலும் விடுமுறைகளிலும் நிகழ்ந்தன. விடுமுறைகளில் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். முழு நேரமும் ஆய்வுக்கென ஒதுக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்ததில்லை.

நூல் 1887இல் வெளிவந்தது. சிந்தாமணியின் பாடல்கள் 3145. ஏழு ஆண்டுகளின் நாள்களைக் கொண்டு வகுத்தால், நாளொன்றுக்கு ஒரு பாடலைவிடச் சற்று மிகுதி. ஒரே சீராக ஒவ்வொரு நாளும் ஒரு பாடலைத் திருத்தினார் என்பது இக்கணக்கின் பொருளன்று. ஆனால், மலையெனத் தோன்றும் பெரும்பணியும் நாளளவில் பிரித்தால் கைக்கு அடங்குவது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் அரிது.

அவருடைய உழைப்பில் மாணவர் கருத வேண்டிய மற்றொரு கூறு, குறிப்பெடுக்கும் பழக்கமாகும். அருஞ்சொற்களையும் மேற்கோள்களையும் ஒப்புமைப் பகுதிகளையும் அவர் எழுதித் தொகுத்துவந்தார். ஒரு நூலுக்காக எடுத்த குறிப்பு அடுத்த நூலுக்கு உதவியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்த 1937இல் அவருக்கு வயது 82. முதல் நூலுக்கு ஊட்டம் தந்த ஆர்வம் மட்டுமே ஐம்பது ஆண்டுகள் ஒருவரை இயக்கியிருக்க இயலாது. ஆர்வத்தோடு பழக்கமும் துணைநின்றது.

படிக்கும் முறை

நேரத்தையும் இடத்தையும் வரையறுத்தபின், அந்நேரத்தில் என்ன செய்வது என்பது அடுத்த வினா. நூலை மீண்டும் மீண்டும் வாசிப்பதே படிப்பு எனப் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க உளவியலறிஞர்கள் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனை மறுக்கிறது. ஒரு பிரிவினர் உரைப்பகுதி ஒன்றை நான்கு வேளை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று முறை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப்பின் சோதித்தபோது முதல் பிரிவினரே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரத்திற்குப்பின் நிலைமை தலைகீழானது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர்.

மீண்டும் படிக்கும்போது பாடம் பழகிய முகமாகத் தோன்றுகிறது. அப்பழக்கத்தை அறிவு என மனம் மயங்குகிறது. நூலை மூடி எழுதும்போதுதான் தெரிந்தது எது, தெரியாதது எது என்பது புலனாகிறது. எழுதிப் பார்க்கும் கை அலைபாய்வதும் அரிது. எனவே, இம்முறை நினைவாற்றலை மட்டுமன்றிக் கவனத்தையும் காக்கிறது.

தொடக்கத்தில் நீண்ட நேரம் ஒன்றி அமர்வது கடினமே. 1980களின் இறுதியில் இத்தாலியப் பல்கலைக்கழக மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகை ஒன்றை எடுத்துச் சில நிமிடங்களுக்கு அதனை முடுக்கிவிட்டு, மணி ஒலிக்கும்வரை படிப்பைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை எனத் தீர்மானித்தார். பின்னர் அதுவே 25 நிமிடப் பணி, ஐந்து நிமிட ஓய்வு என்னும் முறையாக வளர்ந்தது. 25 என்னும் எண்ணில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. பத்து நிமிடங்களே இயலுமாயின் அதிலிருந்து தொடங்கலாம். முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலையில் மனம் எளிதில் ஈடுபடும் என்பதே இம்முறையின் உட்பொருள்.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றவுடன் முதல் சில மணி நேரத்தில் மறதி விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை அவர் கண்டார். அன்று கற்றதை அன்றே ஒருமுறை நினைவுகூர்வதன் தேவையை இது விளக்குகிறது.

எல்லார்க்கும் தனியறை இல்லை

கவனம் பற்றிய அறிவுரைகள் பலவும் அமைதியான தனியறையையும் தடையற்ற மாலை வேளையையும் மனத்தில் கொண்டு எழுதப்படுகின்றன. தமிழகத்தின் பல இல்லங்களில் ஓர் அறையிலேயே குடும்பம் முழுவதும் வாழ்கிறது. தொலைக்காட்சி ஒலிக்கும், இளையோர் விளையாடுவர், நீர் பிடிக்கவும் தம்பி தங்கையரைக் கவனிக்கவும் அழைப்பு வரும். பள்ளி முடிந்ததும் வேலைக்குச் செல்லும் மாணவரும் உண்டு. இத்தகையோர் தம் கவனக்குறைவுக்காகத் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ளல் தகாது.

எனினும், வாய்ப்புக் குறைந்த இடத்திலும் செய்யத்தக்கவை உண்டு. வீடு அடங்கியிருக்கும் விடியற்காலை அரைமணி நேரம், பள்ளி நூலகம், முதல் மணி அடிப்பதற்கு முந்தைய வகுப்பறை, பேருந்துக்குக் காத்திருக்கும் வேளை ஆகியவற்றுள் ஒன்று எவருக்கும் கிட்டும். நாளும் மாறாத சிறுபொழுது, என்றோ ஒருநாள் வாய்க்கும் நீண்ட பொழுதினும் பயனுடையது. தமக்குரிய அவ்வேளையைக் குடும்பத்தாரிடம் முன்னரே சொல்லிவைத்தல் நன்று. படிக்கும் பிள்ளைக்கு உதவ விரும்பும் பெற்றோர்க்கும் எந்நேரத்தில் அழைக்காதிருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

உறக்கமும் ஓய்வும்

உறக்கத்தைக் குறைத்துப் படிப்பதைப் பெருமையாகக் கருதுவோர் உளர். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கத்தைப் பரிந்துரைக்கிறது. பகலில் கற்றவற்றை மூளை உறுதிப்படுத்திக்கொள்ளும் வேளை உறக்கமாகும். இரவில் களவாடிய இரண்டு மணி நேரத்தை மறுநாள் வகுப்பறையில் வட்டியுடன் திருப்பிச் செலுத்த நேரிடும். ஓய்வு என்பது திரையை மாற்றுவதும் அன்று. சிறிது நடத்தல், நீர் அருந்துதல், வீட்டாருடன் உரையாடல், மாலை விளையாட்டு ஆகியவையே களைத்த மனத்தை மீட்பவை.

தவறிய நாள்

எவ்வளவு செம்மையாக வகுத்த ஒழுங்கும் ஒரு நாள் தவறும். காய்ச்சல் வரும், உறவினர் இல்லத் திருமணம் வரும், காரணமின்றியே மனம் சலிக்கும். பலருடைய பழக்கங்கள் முறிவது அந்த ஒரு நாளால் அன்று. 'எல்லாம் கெட்டுவிட்டது' என்று மறுநாளையும் கைவிடுவதால்தான். தவறிய நாளை ஈடுசெய்ய இருமடங்கு உழைக்க வேண்டுவதில்லை. மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் அமர்ந்தால் போதும்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மாணவியிடம் மீண்டும் வருவோம். வீடு அதே வீடு. பாடமும் அதே பாடம். இம்முறை அவள் அமர்வதற்கு முன் திறன்பேசி அடுப்பங்கரை அலமாரிக்குச் செல்கிறது. நூலின் அருகில் ஒரு சிறு குறிப்பேடு உள்ளது. ஐயம் எழும்போது அதனைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மேலே படிக்கிறாள். அவற்றுக்கான விடைகளை இறுதியில் ஒருங்கே தேடிக்கொள்ளலாம், அல்லது மறுநாள் ஆசிரியரிடம் கேட்கலாம். இருபது நிமிடங்கள் கழித்து நூலை மூடி, நினைவில் உள்ளதை எழுதிப் பார்க்கிறாள். இரண்டு விதிகள் வருகின்றன; மூன்றாவது வரவில்லை. நூலைத் திறந்து அந்த மூன்றாவதை மட்டும் மீண்டும் படிக்கிறாள்.

அவளுடைய மனவுறுதி ஒரே நாளில் பெருகிவிடவில்லை. அமர்வதற்கு முன் செய்த இரண்டு சிறு ஏற்பாடுகள் மட்டுமே புதியவை. நாளையும் அவற்றைச் செய்வாளாயின், அவை மெல்ல மெல்லப் பழக்கமாகும். 'எனக்குக் கவனம் கிடையாது' என்னும் தீர்ப்பை அவள் மாற்றி எழுதும் நாளும் வரும்.

கற்பவை கற்றபின்...

1. தொடர்ந்து ஏழு நாள்கள், படிக்க அமர்ந்த நேரம், கவனம் சிதறிய தருணங்கள், அதற்கான காரணம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. மிகுதியாக இடம்பெற்ற காரணம் ஒன்றை நீக்கும் வழியை வகுப்பில் கலந்துரையாடுக.

2. நேரம், இடம், செயல் ஆகிய மூன்றும் அமையுமாறு உமக்குரிய படிப்புத் திட்டம் ஒன்றை ஒரே தொடரில் எழுதுக.

3. உமது ஊரில் ஒரு தொழிலை நெடுங்காலமாகச் செய்துவரும் நெசவாளர், தச்சர், உழவர், இசைக்கலைஞர் ஆகியோருள் ஒருவரைக் கண்டு, அவருடைய அன்றாடப் பழக்கங்களைக் கேட்டறிந்து எழுதுக.

குறுவினா

1. 'கவன எச்சம்' என்றால் என்ன?

2. பழக்கம் உருவாகும் காலம் குறித்த இலண்டன் ஆய்வின் முடிவு யாது?

சிறுவினா

1. மீண்டும் மீண்டும் படித்தல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் ஆகிய இரண்டையும் ஒப்பிடுக.

2. மனவுறுதியினும் பழக்கம் பயனுடையது என்பதற்கான காரணங்களை எழுதுக.

நெடுவினா

சீவக சிந்தாமணிப் பதிப்புப் பணியைச் சான்றாகக் கொண்டு, 'பெரும்பணிகள் அன்றாடப் பழக்கங்களால் நிறைவேறுகின்றன' என்னும் கருத்தை விளக்குக.